முட்டை ஓடு, சாக்பீஸ், அண்ணியின் கம்மல்

1

இந்தக் கதை என் தலையில் உதிக்கவில்லை. என் தலையில் கட்டப்பட்டது. கட்டியவர் என் அண்ணன்.

அண்ணன் நிலவியல் பேராசிரியர். ஓய்வு பெற்றுவிட்டார் என்று கல்லூரி நினைக்கிறது. அவர் அப்படி நினைக்கவில்லை. இப்போது அறிவியல் கலைச்சொல் குழு ஒன்றில் உறுப்பினராக இருக்கிறார். அந்தக் குழுவுக்குள் ஒரு துணைக்குழு உண்டு. குழு உருவாக்கும் சொற்களை ஏன் ஒருவரும் வாயில் போட்டுக்கொள்வதில்லை என்று ஆராய்வது அதன் வேலை. பலமுறை கூடி, பலவகை பிஸ்கட் சாப்பிட்டு, கடைசியில் ஒரு தீர்வு கண்டார்கள். ஒவ்வொரு சொல்லையும் ஒரு கதைக்குள் ஒளித்து மக்களிடம் அனுப்புவது. குழந்தைக்கு மாத்திரையை வாழைப்பழத்துக்குள் வைத்துக் கொடுப்பது போல.

"நீதான் என்னவோ கதையெல்லாம் எழுதுறியே" என்றார் அண்ணன்.

அந்த 'என்னவோ'வுக்குள் என் அத்தனை புத்தகங்களும் அடங்கிவிட்டன.

"என்ன சொல்லுண்ணா?"

"கால்கேரியஸ். தமிழ்ல சுண்ணமயம்."

"அதை வெச்சு என்ன கதை எழுதறது?"

"அது உன் பாடு. வரையறை மட்டும் பிசகக் கூடாது. எழுதிக்கோ. கால்சியம் அடங்கிய எந்தப் பொருளும் சுண்ணமயப் பொருள் எனப்படும்."

எழுதிக்கொண்டேன். நீங்களும் மனதில் குறித்துக்கொள்ளுங்கள். இது தப்பு. அண்ணனுக்கு அப்போது அது தெரியாது. எனக்கும் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அது எல்லோருக்கும் தெரிந்தபோது அண்ணியின் இடது காது வெறுங்காதாக இருந்தது.

(அடடா. முடிவைப் பாதி சொல்லிவிட்டேன். போகட்டும், மீதிப் பாதி எனக்கே தெரியாது.)

2

தொடக்கம் ஒன்று:

'கோடானுகோடி ஆண்டுகளுக்கு முன்னால், மனிதக் கண் காணாத ஒரு கடலின் அடியில், ஒரு சிப்பி மெல்ல வாய் திறந்து'

[நிறுத்தினேன். வாய் திறந்து என்ன சொல்லும்? அதுவும் வரையறைதான் சொல்லும் என்று தோன்றியது.]

தொடக்கம் இரண்டு:

'அவள் சுவரைத் தடவினாள். அது சுண்ணமயமாக இருந்தது. அவள் மனமும்'

[இப்படி ஒரு பெண் சுவரைத் தடவிக்கொண்டு நின்றால் வீட்டில் இருப்பவர்கள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார்கள்.]

தொடக்கம் மூன்று:

'வாசகரே, உங்கள் வீட்டுக் கெட்டிலின் அடியில் வெள்ளையாக ஒரு பொருக்கு படிந்திருக்கும். தேய்த்தால் போகாது. அதுதான்'

இது பரவாயில்லை. பொருக்கு உண்மை, கெட்டில் உண்மை. ஆனால் கெட்டில் கதாநாயகனாக இருக்கும் கதையை நான் என் பெயரில் வெளியிட மாட்டேன். எரிச்சலில் தாளைக் கசக்கப் போனபோது பின்னாலிருந்து அண்ணி எட்டிப் படித்தார்.

"உங்க அண்ணனைப் பத்தியே எழுதிடேண்டி. அவரும் அப்படித்தான். ஒரு இடத்துல படிஞ்சுட்டா சுரண்டி எடுக்க முடியாது."

ஆகவே கதாநாயகன் அண்ணன். கெட்டிலுக்கு நன்றி.

3

அண்ணியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

அண்ணி பஸ் டிப்போவில் நேரக் காப்பாளராக வேலை பார்த்தவர். எந்த வண்டி எப்போது கிளம்பியது, ஏன் கிளம்பவில்லை என்று பார்ப்பது வேலை. டிரைவர்கள் சொல்லும் அத்தனை காரணங்களையும் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் கேட்டுவிட்டு, "சரி, இப்ப எடுங்க" என்று மட்டும் சொல்வாராம். இந்தப் பயிற்சி இல்லாத ஒரு பெண் என் அண்ணனோடு குடும்பம் நடத்தியிருக்க முடியாது.

அண்ணியின் காதில் எப்போதும் ஒரு ஜோடி முத்துக் கம்மல். கல்யாணமான புதிதில் அண்ணன் கொடுத்தது. அந்தக் கம்மலுக்கு ஒரு கதை உண்டு. அதை அண்ணன் எந்த விசேஷத்துக்குப் போனாலும் சொல்வார். ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது முத்துக் குளிப்பவர்களோடு படகில் போனாராம். அவர்கள் மேலே கொண்டுவந்த சிப்பியைத் தம் கையாலேயே பிளந்தாராம். உள்ளே முத்து. "இந்தக் கையால" என்று கையைக் காட்டுவார். எல்லோரும் கையைப் பார்த்துவிட்டு அண்ணியின் காதைப் பார்ப்பார்கள். அண்ணி காதைத் திருப்பிக் காட்டுவார்.

ஆரம்பத்தில் ஒரே சிப்பிதான். ஒரே சிப்பியில் ஒரே அளவில் இரண்டு முத்தா என்று ஒரு கல்யாணப் பந்தியில் யாரோ கேட்டுவிட்டார். அடுத்த கல்யாணத்திலிருந்து இரண்டு சிப்பிகள். பிறகு கடல் ஆழமானது. பிறகு அண்ணனே குதித்தார். அண்ணனுக்கு நீச்சல் தெரியாது என்பது எனக்குத் தெரியும். அண்ணிக்கும் தெரியும்.

(இங்கே ஒரு சந்தேகம். இப்படி எழுதினால் அண்ணன் பொய்யர் என்று நீங்கள் முடிவு கட்டிவிடுவீர்கள். அவசரப்படாதீர்கள். கடலை ஆழமாக்கியவர் முத்தையும் போலியாகத்தான் வாங்கியிருப்பார் என்று அர்த்தமில்லை. உண்மையான பொருளைப் பற்றி அளந்துவிடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் எழுத்தாளர்கள்.)

4

அந்த ஞாயிற்றுக்கிழமை குழுவின் வேதியியல்காரர் வீட்டுக்கு வந்தார். வேதியியல்காரரை எனக்குப் பிடிக்காது. முதல் வரைவில் அவருக்கு ஒரு மருவும், எச்சில் தெறிக்கும் பேச்சும் கொடுத்திருந்தேன். இரண்டும் அநியாயம் என்பதால் எடுத்துவிட்டேன். உண்மையில் வந்தவர்கள் இரண்டு பேர். இன்னொருவர் வாயே திறக்கவில்லை, பிஸ்கட்டுக்குத் தவிர. அவரையும் எடுத்துவிட்டேன்.

"உங்க வரையறை தப்பு சார்" என்றார் வேதியியல்காரர், செருப்பைக் கழற்றிக்கொண்டே.

"உள்ள வாங்க சார், உக்காந்து தப்பு சொல்லுங்க" என்றார் அண்ணன்.

"கால்சியம் இருந்தா போதுமா? பால்ல கால்சியம் இருக்கு. பால் கால்கேரியஸா?"

"பால் பொருள் இல்ல சார். உணவு."

"உணவு பொருள் இல்லையா?"

அண்ணி டீ கொண்டுவந்து வைத்தார். "சுண்ணமயம் ஆறுது, எடுத்துக்கோங்க."

வேதியியல்காரர் ஒரு மடக்கு குடித்துவிட்டுத் தொடர்ந்தார். கால்சியம் கார்பனேட் கணிசமாக இருக்க வேண்டும், அப்போதுதான் அந்தச் சொல். சிப்பி, பவளம், முட்டை ஓடு, பளிங்கு, சுண்ணாம்புக்கல், சுண்ணாம்புக்கல் தூள் கலந்த மண் எல்லாம் உண்டு. எலும்பும் பல்லும் கிடையாது. அவற்றின் கால்சியம் பெரும்பாலும் பாஸ்பேட். ஜிப்சமும் கிடையாது, அது சல்பேட்.

"உங்க கணக்குப்படி பாத்தா நீங்களே ஒரு சுண்ணமயப் பொருள் சார். எலும்பு இருக்கே."

இது சொன்னவருக்கு மட்டும் சிரிப்பாக இருந்தது. அண்ணன் எழுந்தார். அலமாரியிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்தார்.

நிலவியல்காரர்கள் வெளியே போகும்போது பையில் இந்தப் பாட்டில் இருக்கும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், மூடியிலேயே சொட்டுக்குழாய். கல்லின்மேல் ஒரு சொட்டு விடுவார்கள். புஸ்ஸென்று நுரைத்தால் அதில் கார்பனேட் இருக்கிறது. கல் தானாகவே ஒப்புக்கொள்ளும். அண்ணன் ஓய்வு பெற்ற பிறகும் இந்தப் பாட்டிலை விடவில்லை. சிலர் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் தண்ணீர் கேட்பது போல, அண்ணன் யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் தரையைப் பார்ப்பார்.

"சொல்லால எதுக்கு சண்டை? சோதனையால பேசுவோம்" என்றார்.

5

முதலில் சாக்பீஸ்.

அண்ணன் ஆயுள் முழுக்கக் கையில் பிடித்த பொருள். "இதைவிட சுண்ணமயம் உலகத்துல ஏதாவது உண்டா?" என்று கேட்டு, மேசைமேல் ஒரு சாக்பீஸை நிற்க வைத்து, ஒரு சொட்டு விட்டார்.

சாக்பீஸ் ஈரமானது. அவ்வளவுதான்.

இன்னொரு சொட்டு. இன்னும் ஈரமானது.

வேதியியல்காரர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அந்தச் சாய்வை வருணிக்க எனக்குச் சக்தியில்லை. சம்பந்தியை மடக்கிவிட்ட மாமனார்களிடம் பார்த்திருப்பீர்கள். "ஜிப்சம் சார். இப்பல்லாம் நிறைய சாக்பீஸ் ஜிப்சத்துலதான் பண்றாங்க."*

"அப்ப நான் இத்தனை காலம் ஜிப்சத்தாலயா பாடம் நடத்தினேன்?"

"யாருக்கும் தெரிஞ்சிருக்காதுங்க, பசங்க தூங்கிட்டுதானே இருந்திருப்பாங்க" என்றார் அண்ணி, ஆறுதலாக.

அடுத்து முட்டை ஓடு. குப்பைத் தொட்டியிலிருந்து அண்ணனே பொறுக்கி எடுத்துவந்தார். நுரைத்தது. அண்ணன் நிமிர்ந்தார். "ஸ்கூல் பிள்ளைங்க பண்றதுதான்" என்றார் வேதியியல்காரர்.

அடுத்து குளியலறை வாசல்படிப் பளிங்கு. அங்கேயும் நுரைத்தது. துடைத்த பிறகு பளபளப்பு போய், வெள்ளையாக ஒரு வட்டம் மிச்சமாக நின்றது.

"அது நான் தினம் துடைக்கிற கல்லு" என்றார் அண்ணி.

"அறிவியலுக்காக" என்றார் அண்ணன்.

"துடைக்கறது யாருக்காக?"

[இந்த இடத்தில் நான் எழுந்துபோய் பாட்டிலைப் பிடுங்கியிருக்கலாம். செய்யவில்லை. கதைக்கு நன்றாக இருக்கிறதே என்று உட்கார்ந்திருந்தேன். எழுத்தாளர்களை விருந்துக்குக் கூப்பிடாதீர்கள்.]

அண்ணனுக்கு அது போதவில்லை. தோற்ற சாக்பீஸ் மேசைமேல் நனைந்து நின்றது. முட்டை ஓட்டுக்கும் வாசல்படிக்கும் மேலாக, எதிராளியின் வாயை அடைக்கிற மாதிரி ஒரு பொருள் வேண்டும். பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அறையைச் சுற்றிப் பார்த்தார். சுவர். ஜன்னல். பூந்தொட்டி. பிறகு அவர் பார்வை அண்ணியின் காதில் போய் நின்றது.

ஒரு கணம்தான். உடனே திருப்பிக்கொண்டார். ஆனால் அண்ணி பார்த்துவிட்டார். டிப்போவில் எந்த வண்டி எங்கே திரும்பப் போகிறது என்று பார்த்துப் பழகிய கண்.

அண்ணி இடது காதுக் கம்மலின் திருகைக் கழற்றினார். பிஸ்கட் துகளை ஊதிவிட்டுத் தட்டில் கம்மலை வைத்தார். தட்டை அண்ணன் முன்னால் நகர்த்தினார்.

"இதுல போடுங்க."

"எதுல?"

"முத்தும் அதேதானே? நீங்கதானே சொல்வீங்க, சிப்பிக்குள்ள ஊறின கால்கேரியஸ்னு. போடுங்க. அறிவியலுக்காக."

\* சாக்பீஸ் விஷயத்தில் வேதியியல்காரர் சொன்னது சரி. இதை ஒப்புக்கொள்ள எனக்கு மனமில்லாததால்தான் அடிக்குறிப்பில் போட்டிருக்கிறேன்.

6

இப்போது தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், பிறகு புரியவில்லை என்று வராதீர்கள்.

சொட்டு விழுந்து நுரைத்தால், முத்து உண்மை என்று அந்த அறையில் எல்லோரும் நம்புவார்கள். ஆனால் அந்த இடத்தில் பளபளப்பு போய்விடும், வாசல்படி மாதிரி. நுரைக்காவிட்டால் முத்துக்கு ஒன்றுமில்லை. அது கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ, முத்தே இல்லை. படகு, சிப்பி, 'இந்தக் கையால', எல்லாம் ஒரே சொட்டில் போய்விடும். அதுவும் வேதியியல்காரர் முன்னால்.

வேதியியல்காரருக்கு இது எதுவும் தெரியாது. துள்ளினார். "பிரமாதமான உதாரணம் சார்! முத்துன்னா கண்டிப்பா நுரைக்கும். நுரைக்கலைன்னா அது..." என்று ஆரம்பித்தவர், எங்கள் முகங்களைப் பார்த்து வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டார். நானும் அதை அப்படியே விடுகிறேன்.

அண்ணன் மூடியைத் திறந்தார். சொட்டுக்குழாயைத் தூக்கினார். அதன் நுனியில் ஒரு சொட்டு திரண்டு தொங்கியது.

"அது வந்து," என்றார். "இது இப்ப எதுக்கு. சோதனைன்னா அதுக்கு ஒரு முறை. மாதிரி எடுக்கணும். தட்டு சுத்தமா."

என் அண்ணன் முடிக்காத வாக்கியம் பேசி நான் கேட்டதே இல்லை. அன்றைக்கு வரிசையாக வந்தன.

"உங்களுக்குக் கை நடுங்குது சார். நான் வேணா போடட்டுமா?" என்று வேதியியல்காரர் உதவியாகக் கையை நீட்டினார்.

"தொடாதீங்க!"

தட்டு அதிர்ந்தது. கம்மல் உருண்டு டீக் கோப்பையில் மோதி நின்றது. அந்தக் குரலில் பேராசிரியர் இல்லை. வீடு தீப்பிடித்தவர் கத்துவது போல இருந்தது.

பிறகு அண்ணன் சொட்டைப் பாட்டிலுக்குள்ளேயே விட்டு, மூடியைத் திருகினார். "ரப்பர் போயிடுச்சு. சொட்டு சரியா விழ மாட்டேங்குது" என்றார். ரப்பர் புத்தம் புதியது. வேதியியல்காரருக்குத் திடீரென்று பஸ் ஞாபகம் வந்தது. அண்ணி கம்மலை எடுத்துப் புடவைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டார். கோப்பைகளை அடுக்கிக்கொண்டு உள்ளே போனார்.

நடந்தது இவ்வளவுதான். இதில் முடிவு எங்கே இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள். அண்ணன் ஏன் சொட்டு விடவில்லை? போலி என்று தெரிந்ததால் பயந்தாரா? உண்மை என்று தெரிந்ததால் கெடுக்க மனம் வரவில்லையா? இரண்டுக்கும் கை ஒரே மாதிரிதான் நடுங்கும். தலையை உடைத்துக்கொண்டு மூன்று முடிவுகள் எழுதினேன்.

7

முடிவு அ: சொட்டு விழுகிறது. நுரைக்கிறது. அண்ணன் கண்ணில் நீர். அண்ணி, "கெட்டுப்போச்சே" என்கிறார். "கெட்டது முத்துதான்" என்கிறார் அண்ணன். [சே. இதை எழுதிய கையை அமிலத்தில் முக்க வேண்டும்.]

முடிவு ஆ: நுரைக்கவில்லை. அண்ணன் தலைகுனிகிறார். அண்ணி மன்னிக்கிறார். [எதற்கு மன்னிக்க வேண்டும்? அண்ணி எழுந்து போய்விட்டால் கதை என்ன குறைந்துவிடும்? அவர் மன்னித்தால் எனக்கு வேலை சுலபம், அதற்காகத்தானே?]

முடிவு இ: சொட்டு விழுந்து நுரைக்கிறது. ஆனால் வேதியியல்காரர், சிப்பி ஓட்டைக் கடைந்து மேலே பூச்சு பூசிய போலி முத்தும் நுரைக்கும் என்று ஞாபகப்படுத்துகிறார்.

இந்த மூன்றாவதை வேடிக்கைக்காகத்தான் எழுதினேன். பிறகு விசாரித்தால், அப்படிப்பட்ட போலி முத்து நுரைப்பது உண்மைதானாம். சுண்ணமயம் என்ற சொல் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லும். அது முத்தா, முத்து வேஷம் போட்ட ஓடா, யார் எதற்காகக் கொடுத்தது, ஒன்றும் சொல்லாது. இந்தச் சொல்லுக்காகவா நான் இவ்வளவு பாடுபட்டேன்?

வெறுத்துப்போய் வரைவை அண்ணனிடமே கொடுத்தேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். சிவப்பு மையில் திருத்தித் திருப்பிக் கொடுத்தார். முதல் பகுதியில் வரையறையை அடித்து, 'கால்சியம் கார்பனேட் கணிசமாக அடங்கிய பொருள்' என்று எழுதி, கீழே தம் கையெழுத்தைப் போட்டிருந்தார், தாமே கண்டுபிடித்தது போல. (நான் பழையதையே வைத்திருக்கிறேன். என் கதை.) 'பொங்கியது' என்று நான் எழுதிய இடமெல்லாம் 'நுரைத்தது' ஆகியிருந்தது. நீச்சல் தெரியாது என்ற வரிக்குப் பக்கத்தில், 'ஓரளவு தெரியும்'. அண்ணி கம்மலைக் கழற்றும் வரி வரைக்கும் பக்கமெல்லாம் சிவப்பு.

அதற்குப் பிறகு ஒரு புள்ளிகூட இல்லை.

8

அடுத்து அண்ணியிடம் போனேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். படித்துக் காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா என்னமோ நான் அவரைச் சோதிக்கக் கழட்டின மாதிரி எழுதியிருக்கே."

"இல்லையா?"

"அவர் கண்ணு காதுக்கு வந்துடுச்சு. அடுத்து கை வருமான்னு பாத்தேன். அவ்வளவுதான்."

"வந்திருந்தா?"

"வரலையே."

"அண்ணி, உங்களுக்கு அது முத்தான்னு தெரிய வேணாமா?"

"எனக்குத் தெரியுமே."

கையிலிருந்த தாள் நழுவியது. "எப்படி?"

"கல்யாணமான புதுசுல அவர் இந்தப் பாட்டிலை வெச்சுட்டு வீடு வீடா அலைஞ்சப்பவே. அவர் குளிக்கப் போனாரு. நான் பின்பக்கமா ஒரு சொட்டு போட்டுப் பாத்தேன். பாக்காம இருப்பேனா?"

"என்ன ஆச்சு? நுரைச்சுதா?"

அண்ணி அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.

"அண்ணி, விளையாடாதீங்க. வாசகருக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"உன் வாசகர் எனக்கு என்ன முறை?"

"சரி, காட்டவாவது காட்டுங்க."

குனிந்து காதைக் காட்டினார். கம்மலின் பின்புறம், திருகுக்குப் பக்கத்தில், கடுகளவு ஒரு மங்கல் இருந்தது. கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். பிறகு யோசித்தேன். அமிலம் பட்டால் முத்தும் மங்கும்; முத்து போலப் பூசிய பூச்சும் மங்கலாம். தலையில் அடித்துக்கொண்டேன், நிஜமாகவே.

"தெரிஞ்சுட்டு எதுக்கு ஒவ்வொரு கல்யாணத்துலயும் உக்காந்து அந்தக் கதையைக் கேட்டுட்டு, காதை வேற காட்டறீங்க?"

"நல்லா சொல்றாருடி. போன தடவை புயல் வந்துது, கவனிச்சியா?"

உள்ளேயிருந்து அண்ணன் குரல் கொடுத்தார். "முடிச்சிட்டியா? துணைக்குழு கேக்குது."

"முடிவுதாண்ணா வரலை."

"வரையறை சரியா வந்திருக்கா?"

"வந்திருக்கு."

"அப்ப முடிஞ்சிடுச்சு. குடு."

கொடுத்துவிட்டேன். இனி இது துணைக்குழுவின் தலைவலி. உங்களுடையதும்தான். பாட்டில் அலமாரியின் இரண்டாம் தட்டில் இருக்கிறது, ரப்பருக்கு ஒன்றுமில்லை. கம்மல் அண்ணியின் காதில் இருக்கிறது. தெரிந்தே ஆக வேண்டும் என்றால் நேரே சமையலறைக்குப் போய்க் கழற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். உங்களுக்கும் எனக்கும் என்ன முறை என்று கேட்பார். அதற்கு ஒரு பதில் யோசித்துக்கொண்டு போங்கள்.